ஆரணித் தெருவில் ஒரு கம்பெனிப் பாவு

2006 பொங்கல் முடிந்த கையோடு ஆரணிக்குக் கிளம்பினேன். பட்டுப்புடவை வாங்க இல்லை, நம்புங்கள். என்னோடு எம்.பி.ஏ. படித்த கல்பனா அங்கே தன் அப்பாவின் தறிக்கூடத்தை முறையான கம்பெனியாக மாற்றியிருந்தாள். பாவு, சாயம், தறி, தரம் என்று நாலு டிபார்ட்மென்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூப்பர்வைசர். வாசலில் கார்டு அடிக்கும் மெஷின். எனக்கோ சென்னை மென்பொருள் கம்பெனி ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை. யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாகப் படம் வரைந்தே வயசாகிறது. இதைக் கேள்விப்பட்ட பிறகு இருப்புக்கொள்ளவில்லை.

கோயம்பேட்டில் வெள்ளிக்கிழமை காலை 6.15 பஸ். டிக்கெட் 48 ரூபாய். சுமார் 140 கிலோமீட்டர், வழியில் டீக்கு நிறுத்தியது போக நாலு மணி நேரம். வலப்பக்க ஜன்னலாகப் பிடியுங்கள், இடப்பக்கம் வெயில் வறுத்தெடுத்துவிடும். இறங்கி ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னதுமே, “மெஷின்ல கார்டு சொருவறாங்களே, அந்த ஊடா?” என்று கேட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே அந்த மெஷினை மாட்டிவைத்த மாதிரி. இருபது ரூபாய் கொடுத்து இறங்கினேன்.

கல்பனா சுற்றிக்காட்டினாள். சுவரில் கம்பெனி அமைப்புப் படம், கண்ணாடிச் சட்டம் போட்டு. எங்கள் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை. சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். சென்னையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்று முதல்முறையாகக் கல்யாணப் புடவை ஆர்டர் கொடுத்திருக்கிறது. அடுத்த வாரம் அவர்களுடைய ஆள் வந்து, தறியில் ஓடும் புடவையைப் பார்த்துத்தான் உறுதிசெய்வார். இது கைவிட்டுப் போனால் நிர்வாகத்தைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிடுவதாக அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். தறியேற வேண்டிய பாவை மறுநாள் காலை தெருவில் நீட்டுகிறார்கள். “நீயும் வந்து பாரு, அசந்துடுவ,” என்றாள்.

பாவு நீட்டுவதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். இடையிடையே கம்பு கொடுத்துத் தாங்கிப் பிடிக்கக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் தெருவுக்கு வந்துவிட்டோம். பாவு டிபார்ட்மென்டிலிருந்து நாலு பேர், அவர்களுடைய சூப்பர்வைசர், கல்பனா, நான். அவ்வளவுதான். மற்ற டிபார்ட்மென்டுகளுக்கு ஷிஃப்ட் எட்டரைக்கு, எல்லாரும் தூரத்தில் இருப்பவர்கள். களம்பூர் அரிசிக் கஞ்சி வாளியில் தயார். அரக்கு நிறப் பட்டு இழைகளை இழுத்தார்கள், நடுவில் தொய்ந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மண்ணில் பட்டுவிடும். கல்பனா தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் இறங்கி வரவில்லை. யார் வீட்டுப் பாவானாலும் கூப்பிடாமலே தெருவே வந்துவிடுமாம். அவள் பிறந்ததிலிருந்து இன்றுதான் வரவில்லை.

அவள் நேரே எதிர்வீட்டு முருகேசனிடம் போனாள். அவரும் சொந்தமாகத் தறி வைத்திருப்பவர், வியாபாரத்தில் இவர்களுக்குப் போட்டி. டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“போன வாரம் எங்க பாவுக்கு ஒங்க ஆளுங்க வரலியேம்மா. டூட்டில கீறோம், வெளிய போவக் கூடாதுன்னாங்க. சரி, கம்பெனின்னா அப்படித்தான் போலன்னு நாங்களும் ஒதுங்கிகினோம். ஒங்களுக்குத்தான் டிபார்ட்மென்ட் கீதே.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இவர்கள் வஞ்சம் வைக்கவில்லை, கல்பனாவின் அமைப்புப் படத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் பாவுக்குப் பெட்டி இருந்தது, தெருவுக்கு இல்லை. எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறேன், ஒன்றிலும் இவ்வளவு பளிச்சென்று விளங்கியதில்லை.

கல்பனாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் தயங்கவில்லை. “அந்த ரூல் போட்டது நான்தாங்க அண்ணா. இன்னியோட எடுத்துடறேன். உங்க அடுத்த பாவு எப்போ?”

“திங்கக்கெழம.”

“எல்லாரும் வரோம். நானும் கம்பு புடிக்கிறேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “ஜல்தி வாங்கப்பா, கஞ்சி ஆறிகினு கீது,” என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அடுத்த நிமிஷம் நடந்ததை எழுதி மாளாது. வாசல் வாசலாக இறங்கி வந்தார்கள். யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை, அவரவர் இடம் அவரவர்க்குத் தெரிந்திருந்தது. என் கையிலும் ஒரு கம்பைத் திணித்தார்கள். பாவு விறைத்து நின்றது, வெயில் பட்டதும் தெரு முழுக்க அரக்குப் பட்டு மினுமினுத்தது. சந்தோஷத்தில் கத்தலாம்போல இருந்தது. ஏழரைக்கெல்லாம் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் நாலு இட்லியும் வடையும் பதினைந்து ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை என் ஆபீஸுக்கே கல்பனாவின் போன் வந்தது. முருகேசன் வீட்டுப் பாவு நன்றாக முடிந்ததாம். எல்லாரும் கார்டு அடிக்காமல் நேரே தெருவுக்குப் போனதால், மெஷின் கணக்குப்படி அன்று காலை கம்பெனிக்கு ஒருவரும் வரவில்லை, முதலாளி உட்பட. ஜவுளிக்கடை ஆள் பிறகு வந்து பார்த்து ஆர்டரை உறுதிசெய்துவிட்டார். நிர்வாகம் கல்பனாவிடமே இருக்கிறது. டிபார்ட்மென்டுகளும் அப்படியே இருக்கின்றன, புடவையின் தரத்துக்கு அவை உதவுகின்றன என்கிறாள். சுவர்ப் படத்தின் சட்டத்தைக் கழற்றி, அடியில் தன் கையாலேயே ஒரு நீளப் பெட்டி வரைந்து ‘தெரு’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கு சூப்பர்வைசர் யார் என்று கேட்டேன். சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே போய்த் தங்குங்கள், பஸ் நிலையத்தருகே இருநூறு ரூபாய்க்கு அறை கிடைக்கும். ஆறு மணிக்கெல்லாம் நெசவுத் தெருவில் இருங்கள். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள், பாவைத் தாண்டாதீர்கள். யாராவது கம்பை நீட்டினால் வாங்கிப் பிடியுங்கள். யார் வீட்டுப் பாவு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.