வைக்கோல் கட்டோடு கடலுக்குப் போனோம்

பொங்கல் முடிந்த கையோடு குடும்பமாக எங்கே போவது என்று முடிவு செய்கிற வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த பதவி இல்லை, நானே பிடுங்கிக்கொண்டது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரின் அண்ணன் எல்லாரையும் வேனில் ஏற்றி ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். வீட்டில் அவர்தான் பெரியவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. போய் இறங்கினால் நிழலுக்கு ஒரு மரமில்லை. சுற்றிலும் சீமைக்கருவேலம். புளிசோற்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் காலெல்லாம் முள். பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு உண்டா என்றால் அதுவும் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! "அடுத்த வருசம் எடத்த நான் பாக்கறேன் மாமா" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். புது மருமகள் அந்த வீட்டில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பாரேன். பாத்துத்தான் காட்டேன்" என்றார் பெரியவர்.

பார்த்துக் காட்டினேன். அன்றிலிருந்து அந்த வேலை என் கையைவிட்டுப் போகவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இடம் பார்ப்பதில் எனக்குக் கை தேர்ந்துவிட்டது. என் அப்பா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. நடக்கப் பழகிய கையோடு நான் நீந்தவும் பழகியவள். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஏரியைக் காட்டினாலும் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவேன். மாடு இறங்குகிற இடம் நல்ல இடம், தரை சரிவாக இருக்கும். துணி துவைக்கிற கல் கிடந்தால் பெண்கள் புழங்குகிற துறை, பயமில்லை. லாரி போன தடம் கரையிலிருந்து உள்ளே போனால் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது, சவுடு மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் கிணறு மாதிரி காத்திருக்கும். முக்கியமாக மடைப் பக்கம். மடை திறந்திருந்தாலும் மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், அடியில்தான் இழுக்கும். இழுக்கிறதா இல்லையா என்று பார்க்க என் அப்பா வீட்டில் ஒரு வழி உண்டு. ஒரு பிடி வைக்கோலைத் தூவிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

இதெல்லாம் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுடையது கிணற்றுப் பாசனம். அது மட்டுமல்ல, அந்த வீட்டில் தண்ணீர் என்றாலே ஒரு பயம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரு தங்கை இருந்தாள். பத்தொன்பது வயதில் வயல் கிணற்றில் வழுக்கி விழுந்து போய்விட்டாள். பெரியவர் அப்போது பம்புசெட்டில் இருந்தார். ஓடிவந்தார். ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. மேலே நின்று கத்தத்தான் முடிந்தது. ஆட்கள் வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுவாரமே கிணற்றுக்கு இரும்பு வலை போட்டார். இந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொன்னார். அதன்பிறகு யாரும் இறங்கவில்லை.

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீச்சல் தெரியாததால் போன பெண்ணுக்காக இன்னொரு பெண்ணை நீச்சல் தெரியாமல் வளர்ப்பது என்ன நியாயம்? என் மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஊர் ஏரியில் இறக்கினேன். இக்கரையில் இறங்கி, அந்தப் பக்கம் மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல் வரை நீந்திவிட்டுத் தலையைச் சிலுப்பிக்கொண்டு ஏறுவாள். அடேயப்பா, என் வயிற்றில் பிறந்ததுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். பெரியவரிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டார், அது அவர் சுபாவம்.

மகள் இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். போன மார்கழியில் கூடப் படிக்கிற பெண்கள் கடலில் பலகைமேல் நின்று அலையேறுகிற சர்ஃபிங் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே இல்லை. "மா, நானும் அலையேறணும்."

"ஃப்ரெண்ட்ஸ்கூட போய்ட்டு வாயேன். யாரு கேக்கப் போறாங்க?"

"வேணாம்மா. ஏரியில ஒளிஞ்சி ஒளிஞ்சி நீந்தினது போதும். பெரிப்பா பாக்கணும். அவரு சரின்னு சொல்லணும். இல்லன்னா எனக்கு வேணாம்."

எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பேஜார். கடலைக்கூடச் சமாளிக்கலாம், பெரியவரை எப்படிச் சமாளிப்பது? ஆனாலும் மகள் கேட்டது நியாயம். சரி, இந்த வருஷம் காலையில் கடல், மத்தியானம் திரும்பும் வழியில் ஏரி என்று அறிவித்தேன். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது, குளிக்கவும் விடமாட்டார்கள். அதனால் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் ஊர். அங்கே அலையேறக் கற்றுக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று விசாரித்து அவளிடம் பேசியும் வைத்தேன்.

"காலு நனைச்சிக்கினு வர்றதுன்னா சரி" என்றார் பெரியவர். அலையேறும் பேச்சை அங்கே போய் நேருக்கு நேர் எடுப்பதுதான் நல்லது என்று நினைத்தேன்.

வேனில் ஏறும்போது என் பையில் ஒரு சின்ன வைக்கோல் கட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு என் ஓரகத்திக்கு, பெரியவர் மனைவிக்கு, சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாடி இது, கடல்ல மாடு கட்டப் போறியா?"

"ஆமாக்கா, ஒங்கள கட்டலாம்னுதான்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். கடலின் ஆழம் எனக்கும் புதிது. வெறுங்கையோடு போவேனா?

கடற்கரையில் இறங்கியதும் பெரியவர் முன்னால் நடந்தார். இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக எழும்பி உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை, அலையே இல்லாமல், கறுப்பாக, அமைதியாகக் கிடந்தது. நேராக அதற்கு எதிரே போய் நின்றுகொண்டு கையாட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாம் இங்க வாங்க! எம்மாம் நல்ல எடம் பாரு! அலையே இல்ல, நம்ம ஏரி மாதிரி கீது!"

ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. ஓரகத்தியின் பேரப்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் மடைதான் ஞாபகம் வந்தது. "நில்லுங்க! யாரும் எறங்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னா இது? அங்க அம்மாம் அலை அடிக்குது. இங்க சும்மா கீது. சும்மா கீற எடத்துல எறங்காதன்ற. உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

ஏரியைக்கூடக் கரையில் நின்றே பார்த்துப் பழகிய கண் அது. அலை இல்லையென்றால் அவருக்கு ஆபத்தில்லை. மடையைப் பார்த்து வளர்ந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது. வாய்ச்சண்டைக்கு நானும் குறைந்தவள் இல்லை, ஆனால் பிள்ளைகள் தண்ணீருக்குப் பத்தடியில் நிற்கும்போது எனக்கு அதற்குப் பொறுமையில்லை. வைக்கோலைப் பிரித்தேன். ஒரு பிடி எடுத்து அந்த அமைதியான இடத்தில் வீசினேன்.

கொஞ்சநேரம் அங்கேயே மிதந்தது. அப்புறம் நகர்ந்தது. கரைப் பக்கம் இல்லை, நேரே கடலுக்குள். யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை உடைகிற வரிசையைத் தாண்டிக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பிறகு தள்ளிப்போய் அலை அடிக்கிற இடத்தில் இன்னொரு பிடி வீசினேன். நுரையோடு புரண்டு என் காலடிக்கே திரும்பி வந்தது.

ஓரகத்தி பேரப்பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் அலையேறக் கற்றுக்கொடுக்கிற பெண் பலகையோடு வந்துவிட்டாள். அவளும் மீனவர் வீட்டுப் பெண்தான். வைக்கோலைப் பார்த்துச் சிரித்தாள். "நாங்க நுரைய வச்சி பாப்போம்கா. எங்க ஊர்ல புள்ளைங்களுக்கு மொதல்ல சொல்றதே இதான். அலை ஒடையாத எடத்துல எறங்காதன்னு."

இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. பெரியவர் எதிரில் போய் நின்றேன். "மாமா, உங்க பொண்ணு நீந்துவா. நான்தான் கத்துக்குடுத்தேன். இன்னைக்கு அந்தப் பலகையில ஏறணும்னு ஆசப்படறா. நீங்க சரின்னு சொன்னாத்தான் ஏறுவாளாம். வேணாம்னா புளிசோறு துன்னுட்டு வூட்டுக்குப் போவலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "நெசமா நீந்துவியா?"

"ஏரியில இக்கரையிலேந்து கலங்கல் வரைக்கும் போவேன் பெரிப்பா."

"எப்போலேந்து?"

"ஒம்பதாவது படிக்கசொல்லவே."

தம்பியின் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமாடா?" என் வீட்டுக்காரர் பரம சாதுவாக ஒரு படகை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பெரியவர் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சின்னக் குரலில் கேட்டார்: "தண்ணியில உழுந்துட்டா?"

"உழுவேன் பெரிப்பா. எழுந்துப்பேன்" என்றாள்.

அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே! அவர் அலைப் பக்கம் கையைக் காட்டி, "போ. உங்கம்மாவும் கூட போகட்டும்" என்றார்.

போனேன். சுடிதாரோடு மார்பளவுத் தண்ணீரில் நின்றேன். மகள் ஏறினாள், விழுந்தாள். ஏறினாள், மறுபடியும் விழுந்தாள். விழும்போதெல்லாம் ஜமக்காளத்தில் பெரியவர் எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் தலை வெளியே வந்ததும் உட்கார்ந்தார். எத்தனை முறை அப்படி எழுந்து உட்கார்ந்தாரோ, பாவம், புளிசோற்றைத் தொடவே இல்லை. கடைசியில் ஓர் அலை வந்தது. அந்தப் பெண் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட, என் மகள் முழங்காலை ஊன்றி, கையை எடுத்து, நின்றேவிட்டாள்! கரை வரைக்கும் நின்றுகொண்டே போனாள். நான் போட்ட கூச்சலில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. போகட்டும். பெற்றவள் நான், கத்தாமல் வேறு யார் கத்துவது?

அவள் இறங்கிய இடத்தில் பெரியவர் நின்றிருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. அவள் தலைமேல் கை வைத்தார்.

மத்தியானம் சொன்னபடி ஏரிக்கு வந்தோம். மாடு இறங்குகிற துறை, நல்ல சரிவு, கரையில் பனைமர நிழல். தையில் ஏரி நிறைந்து அசையாமல் கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"இந்த வயசுல எனக்கு வருமா?"

எது என்று எனக்கு உடனே புரிந்தது. சிரித்திருக்க வேண்டியவள் நான், சிரிக்க வரவில்லை. "வரும் மாமா. ஆனா நான் கத்துக்குடுக்க மாட்டேன், எனக்குக் கோவம் ஜாஸ்தி. உங்க பொண்ணக் கேளுங்க."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். மகள் அவர் கையைப் பிடித்து ஒவ்வோர் அடியாக உள்ளே கூட்டிப்போனாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. மார்பளவு வந்ததும் அவர் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டார். கரையில் அவர் தம்பி எழுந்து நின்றார்.

"கை உட மாட்டேன். மொதல்ல தலைய உள்ள உடுங்க பெரிப்பா" என்றாள் மகள்.

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே போனார்.