கோ சுந்தரத்தின் குழாயை யார் பார்ப்பது?

"சின்ன கோர்ஸ்லயே போயிருந்தா இந்நேரம் சர்டிபிகேட்டாவது செவுத்துல தொங்கியிருக்கும்" என்று கோ சுந்தரம் இறந்த அன்று அவருடைய மைத்துனர் சொன்னார். அலோன் பேட்டையில் கோ சுந்தரத்தின் வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்த வழியை அவர் ஏன் விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

செய்தி காலையிலேயே வந்துவிட்டது. அவர் மனைவி லெட்சுமி அக்கா போனில் சொன்னார்: "மா வள்ளி, டாலா படகுல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம். கரை வந்தும் எந்திரிக்கலையாம்." உட்கார்ந்தார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். டீக்கடையில்கூட நின்றபடியே குடித்துவிட்டு, பாதிப் பேச்சில் கிளம்பிப் போகிறவர் அவர். இப்போது எனக்கும் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்து நடந்துதான் இதை எழுதுகிறேன்.

லான்மடாவில் என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க வந்து பழக்கமான பிளம்பர் அவர். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு அவர் எனக்குக் 'கோ', நான் அவருக்கு 'மா'. கரண்ட் வருவதும் போவதுமாக ஆன பிறகு ஊரில் சமையலெல்லாம் காஸுக்கு மாறியது. பிளம்பர்களையே காஸ் குழாயும் போடச் சொன்னார்கள். "குழாய்னா குழாய்தானே" என்று இவரும் இறங்கினார். நம் கோயில் மடப்பள்ளியில் பெரிய அடுப்புகளுக்குக் குழாய் இழுத்தவர் அவர்தான். இழுத்து முடித்ததும், எந்தப் பிளம்பரும் செய்வதைச் செய்தார். குழாய் நிறையத் தண்ணீர் விட்டு, இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு சிலிண்டரை மாட்டினார். வளைவுகளில் தங்கிய தண்ணீர் வடியவில்லை.

ஆடிக் கூழ் அன்று தீ மஞ்சளாக எம்பியது, திக்கியது, அணைந்தது. "கோ சுந்தரம், உன் அடுப்புக்கு இருமல்யா! கொஞ்சம் கசாயம் வச்சுக் குடு" என்று சமையல்காரர் கத்தினார். கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தவர் கோ சுந்தரம்தான். விறகு கொண்டுவந்து போட்டவரும் அவர்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்டார்: "தண்ணி தங்கினதாலதான் மா வள்ளி தெரிஞ்சுது. தங்காம, எங்கயாவது காஸ் கசிஞ்சிருந்தா?" நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "தண்ணி தப்புப் பண்ணா அழுது காட்டிக் குடுத்துரும். காஸ் கமுக்கமா இருக்கும்."

காஸ் வேலையை முறையாகப் படித்துவிடுவது என்று அந்த வாரமே முடிவு செய்தார். எப்படிப் படிப்பது என்பதில்தான் ஊசலாடினார். ஒன்று, வார இறுதி வகுப்பு. சீக்கிரம் முடிந்து சான்றிதழ் கிடைக்கும், கைத்தொழிலை விட வேண்டாம். மற்றொன்று, தகுதி பெற்ற ஒரு காஸ் இன்ஜினியரிடம் உதவியாளாகச் சேர்ந்து, போடும் ஒவ்வொரு குழாயையும் அவரிடம் காட்டி, வருடக்கணக்கில் வேலை செய்து, பிறகு பரீட்சை எழுதுவது. இரண்டின் ஆங்கிலத் தாள்களையும் நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அவர் என் வீட்டுக்குள் நடந்துகொண்டே கேட்டார். காலையில் ஒன்று என்பார், மாலையில் மற்றொன்று என்பார்.

அந்தக் காஸ் இன்ஜினியர் கோ தெட் இவரைவிட மிகவும் இளையவர். மைத்துனருக்கு அது பொறுக்கவில்லை. "மருமவன் வயசுப் பயலுக்கு ஸ்பானர் தூக்கப் போறீங்களா மாமா? ஊர்ல தலை காட்ட முடியுமா?" லெட்சுமி அக்காவும் சின்ன வகுப்பைத்தான் விரும்பினார். அதனால் அங்கேதான் முதலில் போனார். ஒரே வகுப்பு. திரும்பி வந்து என் வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றாமல்.

"அங்க எல்லாரும் பாஸாம் மா வள்ளி."

"நல்லதுதானே, அண்ணே?"

"எல்லாரும் பாஸ்னா, என் குழாய யாரு பாக்குறது?"

மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் கோ தெட்டின் பட்டறைக்குப் படகு ஏறிவிட்டார்.

அங்கே நிம்மதியாக இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறையாவது போன் வரும்: "விட்டுட்டு வந்துரவா?" கோ தெட் அதிகம் பேசாதவர். இவர் போட்ட இணைப்பைப் பார்ப்பார், கழற்றச் சொல்வார், போய்விடுவார். பிளம்பர் கை பழக்கத்தில், தண்ணீர்க் குழாய்க்குச் செய்வதுபோல் இணைப்பில் சணல் நூலைச் சுற்றும். காஸுக்கு அது ஆகாது, மறுபடி கழற்ற வேண்டும். ஒருநாள் படகுத்துறையில் கேட்டேன், வலிக்கவில்லையா என்று. "வலிக்குதுதான்" என்றார், கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டே. "ஆனா இன்னிக்கும் ஒருத்தன் பாத்தான்ல. யாபாடே." பரவாயில்லை என்று நாம் பர்மியில் சொல்லும் அந்தச் சொல்லை அவர் சொன்னால், பரவாயில்லை என்றே கேட்காது. இன்னும் ஒரு முறை என்று கேட்கும்.

கோயில் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தானே புதிதாகப் போட அனுமதி கேட்டு வாங்கினார். போட்டும் முடித்தார். கோ தெட் வந்து சோதிப்பதுதான் பாக்கி. பரீட்சையும் பாக்கி. அதற்குள் அந்தப் படகு.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, 'யாரு பாக்குறது' என்ற அந்தக் கேள்விதான். நான் எழுதுவதை யாருக்கும் காட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. இதை லெட்சுமி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார்.

காரியம் முடிந்த பிறகு கோ தெட் கோயிலுக்கு வந்தார். வால்வுகளை மூடினார். குழாயில் தண்ணீர் விடவில்லை, காற்றை ஏற்றினார். அழுத்தமானியை மாட்டிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனார். மைத்துனர் பின்னாலேயே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார். எங்கும் குமிழ் வரவில்லை. ஊசி அசையவில்லை. "யாப்பி" என்றார் கோ தெட். ஆயிற்று.

முதல் அடுப்பை மைத்துனர் பற்றவைத்தார். அன்று மதியச் சோறு அதில்தான் வெந்தது.