எண்ணெய் படாத ஊசி

சுடர்க்குழாயின் குமிழைத் திருகி மூடிய பிறகும் ஒட்சிசன் சீறுவது நிற்கவில்லை. மிக மெல்லிய சத்தம். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் கேட்டிருக்காது. என் அறையில் பேச ஆள் கிடையாது.

பதுளையில், தண்ணீரையும் தேயிலையையும் சோதிக்கிற சிறிய ஆய்வுகூடம் ஒன்றின் பின்புறத்தில் எனக்கு அந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த கண்ணாடிக் குழாய்களைத் தீயில் உருக்கி ஒட்டுவது என் வேலை. அது தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சாப்பாட்டு நேரத்தில் முன்னறைக்குப் போனால், "ஒட்டி முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள். "முடிஞ்சுது" என்பேன். பிறகு அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

மேசையில் பூட்டிய அந்தச் சுடர்க்குழாய்க்கு டோர்ச் என்று பெயர். வீட்டில் அப்படிச் சொன்னால் பெட்டரி போடுகிற டோர்ச்சைத்தான் நினைப்பார்கள். அதனால் அடுப்பு என்றே சொல்லி வைத்திருந்தேன். நான் கெம்பசில் படித்துவிட்டு அடுப்பு வேலை செய்வதாக, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பேச்சு. நானும் திருத்தவில்லை.

சிலிண்டரை மூடிவிட்டு, குமிழைக் கழற்றி, உள்ளே இருந்த பித்தளை ஊசியை உருவினேன். அந்த ஊசியின் கூர் போய் துவாரத்தில் உட்கார்ந்தால்தான் ஒட்சிசன் நிற்கும். கூர்முனையைச் சுற்றி வளையம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. யார் செய்த வேலை என்று உடனே தெரிந்துவிட்டது.

நமுனுகுலயில் எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். ஒருவர் சரியாக மூடாமல் போனால் சாயங்காலத்துக்குள் தண்ணீர்த் தாங்கி காலியாகிவிடும். "கடைசியா புடிச்சவ யாருடி?" என்று ஒரு வாசலில் கேள்வி எழுந்தால் அன்றைக்கு முழு லயமும் சண்டை. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வருவதற்கு முன்பே பைப்பை இறுக்குகிற கை வந்துவிடும். இரண்டு விரலால் மெதுவாக மூட வேண்டிய குமிழை, இரண்டு வருடமாக நான் உள்ளங்கை கொடுத்து இறுக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து புது ஊசி வர மூன்று மாதமாகும் என்றார்கள். எனக்குக் கவலைக்குப் பதிலாக ஓர் ஆசை வந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து, நான் எதைச் சொன்னாலும், "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார். அவர் கை வைக்கக்கூடிய ஒரு பொருள் என் வேலையில் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊசியோடு அப்பாவின் தொழிற்சாலைக்குப் போனேன். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இத இப்புடிக் கொன்னது?"

"நான்தாம்பா."

"லயத்துப் பைப்ப மூடுற மாதிரி மூடுனியோ?"

"ஆமாப்பா."

"ஒங்கம்மா புள்ளதான்டா நீ. அவ மூடுன போத்தல தொறக்கவும் நான் பெக்டரிக்குத்தான் கொண்டாரணும்."

தொழிற்சாலையின் லேத்தில் ஒரு பித்தளைக் கம்பியைப் பூட்டினார். நான் மில்லிமீட்டரில் சொன்ன அளவை அவர் அங்குலம், நூல் என்ற பழைய கணக்கில் திருப்பிச் சொல்லிக்கொண்டார். கூர்முனையைக் கடையும்போது மட்டும் பேசவில்லை. முடித்ததும் புதிய ஊசி முழுக்க கிரீஸ் பூசி, தாளில் சுற்றி என் கையில் வைத்தார்.

"கிரீஸ் போடாம எங்க பெக்டரில ஒரு சாமானும் வெளிய போகாது. இந்தப் பனிக்கு ரெண்டு நாள்ல களிம்பு ஏறிரும்."

ஒட்சிசனுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. அழுத்தத்தில் வருகிற ஒட்சிசன் துளி கிரீஸில் பட்டாலும் தானாகத் தீப்பிடிக்கும். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பழைய வாக்கியம் வரும். "சரிப்பா" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அறைக்கு வந்து தாளைப் பிரித்தபோது கிரீஸில் அப்பாவின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரிலும் பிறகு மதுசாரத்திலும் மூன்று தடவை கழுவினேன். ஊசி அச்சாகப் பொருந்தியது. சவர்க்கார நுரை வைத்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட எழவில்லை. பொருந்திவிட்டது என்று அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"கிரீஸ் காய விட்றாத," என்றார்.

"சரிப்பா."

அடுத்த மாதம் பதுளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு வந்தவர், சொல்லாமல் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் என் வேலையிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒட்டி வைத்திருந்த குழாய்களைத் தொடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நேராகத் தன் ஊசி இருக்கிற குமிழுக்கு வந்து, இரண்டு விரலால் திருகினார்.

"இறுக்கமா இருக்கே."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கண்ணுக்கு மருந்து விட்டு முடிந்த வெற்றுப் போத்தல். உள்ளே மெஷின் எண்ணெய். அவர் அதைச் சாய்ப்பதற்குள் நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அப்பாவின் கையை அப்படிப் பிடித்தது அதற்கு முன் இல்லை.

"எண்ணெய் விடக் கூடாதுப்பா. ஒட்சிசன் பட்டா தானா பத்திக்கும்."

போத்தலை மூடினார். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நான் பூசினது?"

"கழுவிட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல தம்பி."

படிச்சவன் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவில்லை. வெளியே பைப்படிக்குப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். விரல்களை மோந்து பார்த்தார். மறுபடியும் போய்க் கழுவினார்.

"இப்ப தொடலாம்பா," என்றேன்.

"இன்னும் வாசம் இருக்கு. முப்பது வருசத்து எண்ணெய், இன்னிக்கே போயிருமா? நீயே தொற."

கதவோரமாகப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அடுப்பை மூட்டினேன். மஞ்சள் சுடர் நீலமாகிக் கூரானது. ஒரு குழாயின் உடைந்த வாயை அதில் காட்டினேன். கண்ணாடி சிவந்து இளகியபோது அவர் ஓர் அடி முன்னால் வந்து, நினைவு வந்தவராகத் திரும்பவும் கதவுக்கே போனார். பக்கத்தில் வரச் சொல்லியிருக்கலாம். கையில் உருகிய கண்ணாடி இருந்தது. வாயைத் திறந்தால் கை அசையும்.

வேலை முடிந்து குமிழை இரண்டு விரலால் மூடினேன்.

"சத்தம் நின்னுருச்சு," என்றார் வாசலிலிருந்து.

"நின்னுருச்சுப்பா."

"அப்ப நான் பஸ்ஸுக்குப் போறேன்."