துடைப்பம் எழுதிய நான்கு வரி

அலுவலகத்தில் அவனுக்குத் துடைப்பம் என்று பெயர். யாரோ எழுதிவைத்த கணினி நிரலில் குப்பை கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தக் குணம்தான் சொந்த அக்காவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. நர்ஸுகள் கையிலுள்ள டேப்லெட்டில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவன் பொறுப்பு. நோயாளியின் பெயரைத் தேடினால், தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகும். நெட் மந்தமானால் முதலில் கேட்டதற்கான பதில் கடைசியில் வந்து சேரும். திரையில் வேறு யாரோ தெரிவார். அதைச் சரிசெய்யத்தான் அவன் அந்த நான்கு வரியை எழுதினான். திரை மாறினால், போய்க்கொண்டிருக்கும் கோரிக்கைகள் அத்தனையும் ரத்து. ரத்தானது பிழையாகத் திரும்பி வந்தால் நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது, திரையில் ஒன்றும் காட்டக் கூடாது. மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அவனும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அதே மென்பொருள் ஓடும் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். கை அப்படியொரு வேகம். ஊசி போட்டு, விவரம் தட்டி, ‘சேமி’யை அழுத்திய மறு நொடி அடுத்த நோயாளியின் பக்கத்துக்குப் போய்விடுவாள். அவளுடைய வார்டு கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்தது. வைஃபை அங்கே இருக்கிறது என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு நாள் முற்பகல் அவள் போட்ட ஊசியை, பதிவில் இல்லையே என்று அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் மறுபடி போட்டாள். நோயாளி இரண்டு நாள் இழுபறியில் கிடந்து பிழைத்தார். விசாரணையில் இன்னும் பத்துப் பதிவுகள் காணோம் என்று தெரிந்தது. எல்லாம் அக்காவுடையவை. நிதானமாக வேலை செய்தவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அக்காவைப் படுக்கை விரிப்பு மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

“சேமிச்ச ஞாபகம் நல்லா இருக்குடா. ஆனா அங்க ஒண்ணுமே இல்ல,” என்றாள். “எனக்கு மறதி வந்துடுச்சோ?”

“நீ எதுலயும் அவசரம்க்கா. கொஞ்சம் நிதானமா பண்ணியிருக்கலாம்,” என்றான் இந்தப் புத்திசாலி.

அவள் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றார்கள். அதையும் அவள் நம்பவில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று வாசல் வரை போய்த் திரும்பி வர ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையிலிருந்து, சேமித்த பதிவுகள் காணோம் என்று நிறுவனத்துக்குப் புகார் வந்தது. துடைப்பம் நெட்டை வேண்டுமென்றே மந்தமாக்கி, ‘சேமி’யை அழுத்தி, உடனே திரையை மாற்றினான். கோரிக்கைகளின் பட்டியலில் ஒரு வரி மட்டும் சிவப்பாக மாறியது: ரத்து. தேடும் கோரிக்கையை நடுவழியில் வெட்டினால் நஷ்டமில்லை. சேமிக்கும் கோரிக்கையை வெட்டலாமா? அவன் இரண்டையும் ஒன்றாகக் கூட்டித் தள்ளியிருந்தான். திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“சரி பண்ணிட்டல்ல? அதோட விடு. மெயில்ல எதுவும் எழுதி வைக்காத,” என்றார் மேலாளர்.

அவன் எழுதினான். இரண்டு மருத்துவமனைகளுக்கும் எழுதினான். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. அன்று மாலை சமையலறையில் அக்காவிடமும் சொன்னான்.

“பதினொண்ணையும் நீ சேமிச்சிருக்கக்கா. நான் எழுதினதுதான் பாதியிலயே வெட்டிடுச்சு. உனக்குத் தெரியாம மறைச்சதும் அதுதான்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப எனக்கு மறதி இல்லையா?”

“இல்லவே இல்லக்கா.”

மருத்துவமனை மன்னிப்புக் கேட்டு அவளை வார்டுக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. ஏன் என்று அவன் கெஞ்சிக் கேட்டபோது, எரியாத அடுப்பின் திருகை இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நீ சொன்னத நம்புறேன்டா. என்னையத்தான் நம்ப முடியல.”