விஜயதசமி காலையில் இறங்க மறுத்த ஷட்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதே, மெயினை அணைக்காமல் எதையும் திறக்காதே என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பெருமை தாங்காமல்தான் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர் போட்டேன். ரிமோட்டை அழுத்தினால் ஏறும், இறங்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்சார். நடுவில் நாயோ குழந்தையோ வந்தால் ஷட்டர் திரும்பி ஏறிவிடும்.

போன விஜயதசமியன்று சூளூர்பேட்டையில் என் மனைவியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். மாமியார் இல்லை. அம்மாவின் இடத்தில் நின்று அக்காதான் தட்டு கொடுக்க வேண்டும், அதுவும் பன்னிரண்டு மணிக்குள். ஒன்பதரைக்கே காரை வெளியே எடுத்து, மடியில் தட்டோடு அவளை உட்கார வைத்துவிட்டு, ஒரு விமானி மாதிரி ரிமோட்டை அழுத்தினேன்.

ஷட்டர் ஒரு முழம் இறங்கியது. பிறகு எதையோ வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாற்போல மேலே போய் நின்றுகொண்டது.

மறுபடி அழுத்தினேன். மறுபடி ஒரு முழம், மறுபடி மேலே. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஷட்டர் இருக்கும்போது பூட்டு எதற்கு என்று ஆசாரியைத் திருப்பி அனுப்பியவன் நான். கையால் இழுத்து மூட ஒரு சங்கிலி இருந்தது. தொங்கினால் அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் கழற்றி ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்தேன். எந்தப் பெட்டி என்பதும் பத்திரமாகவே இருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

முதலில் ரிமோட் மேல் சந்தேகம். டிவி ரிமோட்டிலிருந்து செல்லைப் பிடுங்கி மாற்றினேன். அதே ஒரு முழம். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வாசலில் உடைத்த பூசணிக்காய் ஷட்டர் ஓடும் தண்டவாளத்துக்குள் போயிருக்கும் என்று குச்சி விட்டுக் குடைந்தேன். ஒரு துண்டு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று அழுத்தினால் அதே ஒரு முழம். சென்சாருக்கு நடுவே ஏதாவது இருக்கிறதா என்று நின்றபடியே எட்டிப் பார்த்தேன். காற்றுதான் இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறி, மோட்டாரில் ஷட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் திருகை ஸ்க்ரூடிரைவரால் நாலு சுற்று சுற்றினேன். ஏன் நாலு என்று கேட்காதீர்கள்.

"ஏங்க, நைனா போன் பண்றாரு. கிளம்பிட்டோமான்னு கேக்கறாரு" என்றாள் மனைவி காரிலிருந்து. நைனா என்பது அவள் அப்பா.

"கிளம்பிட்டோம்னு சொல்லு."

"ஏணி மேல நின்னுகினு கிளம்பிட்டோம்ன்றீங்க. நீங்களே பேசுங்க."

மணி பத்தேகால். எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு வந்தார். எங்கள் கம்பெனியிலேயே லேத்தில் வேலை செய்பவர். என் வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்.

"இன்னா சார், காலைலயே ஏணி?"

"ஷட்டர் இறங்க மாட்டேங்குது."

அவர் நின்று ஒரு தடவை வேடிக்கை பார்த்தார். "இது ஒரு பேஜாரா சார்? சென்சார் ஒயர் ரெண்டயும் சேத்து முறுக்கி உட்டுடு. பேசாத மூடிக்கும்."

கம்பெனி இயந்திரத்தில் இதைச் செய்ததற்காக அவருக்கே நான் இரண்டு தடவை மெமோ கொடுத்திருக்கிறேன். அது அவருக்கும் நினைவிருந்தது. பல் குச்சியை மென்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மட்டும்" என்றேன்.

"நானும் அதேதான் சார் சொன்னேன், ரெண்டு தபாவும்."

கட்டரை எடுத்துக்கொண்டு சென்சார் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். ஒயரில் கை வைக்கும்போது காரிலிருந்து குரல் வரவில்லையே என்று திரும்பினேன். அவள் காரில் இல்லை. தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஷெட் சுவரிலிருந்த ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மெயின ஆஃப் பண்ணிட்டேன். தினம் சோத்த வச்சிகினு கிளாஸ் எடுக்கறீங்களே, நீங்க பண்ணுவீங்கன்னு பாத்தேன். பண்ணல."

எதிர்வீட்டுக்காரர் இருமினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேறு இடமில்லாமல் சென்சாரைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அதன் கண்ணின் மேல், அந்தக் காலத்து எட்டணா அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

முந்தின நாள் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, வைஃபை பெட்டி என்று வீட்டில் மின்சாரம் ஓடும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்தான். "போதும் விடுங்க" என்று அவள் சொன்ன பிறகும், ஷட்டர்தான் முக்கியம் என்று, ராத்திரி அதை மூடிய பிறகு, கடைசியில் மிச்சமிருந்ததை எல்லாம் இங்கே அப்பியதும் நான்தான். கம்பெனியிலோ, பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, எந்த இயந்திரத்திலும் சென்சார் மேல் பொட்டு வைக்கக் கூடாது என்று துண்டறிக்கை அடித்து ஆளுக்கொன்று கொடுத்து, மைக்கிலும் கத்தியிருந்தேன்.

வேட்டி நுனியை எச்சில் தொட்டுத் துடைத்தேன். சரிகை சிவந்தது. மெயினைப் போட்டு அழுத்தினேன். ஷட்டர் நிற்காமல் இறங்கியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. அந்த நாலு சுற்று.

"அத தொடாத சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர், நான் ஏணியைப் பார்ப்பதைப் பார்த்து. "ஒரு சாண் சந்துல எவனும் பூர மாட்டான். எனக்கு இன்னிக்கு லீவுதான், நான் பாத்துக்கறேன். தங்கச்சிய கூட்டிகினு கிளம்பு."

சூளூர்பேட்டை மண்டப வாசலில் காரை எப்படி நிறுத்தினேன் என்று கேட்டால் என் வேலை போய்விடும். தட்டு கை மாறியபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஏன் தாமதம் என்று மாமனார் கேட்டதற்கு, "ஷெட்டு கதவு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சி நைனா" என்று மட்டும் சொன்னாள். அதற்காக அன்று முழுக்க அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஷட்டர் அதே ஒரு சாண் சந்தோடு பத்திரமாக இருந்தது. நடுவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நான் அடித்துக் கொடுத்த துண்டறிக்கை, கீழே என் கையெழுத்தோடு.

மனைவி இறங்கிப் போய் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

"கையெழுத்து நல்லா போட்டிருக்கீங்க" என்றாள்.