நாலு தடிக்கு நடுவே ஒரு கார்

இரணைமடுக் குளத்துக்குக் கீழே நெல்காணி வைத்திருக்கும் கமக்காரர் அப்புத்துரை எங்கேயாவது காரில் போயிருக்கிறாரா என்று அறிய வேண்டுமானால், போன இடத்தில் தேடிப் பயனில்லை. அங்கிருந்து கால் மைல் தள்ளிப் பார்க்க வேண்டும். மரமில்லாத, மாடில்லாத, மதிலில்லாத ஒரு வெட்டையில் நீல நிறச் சின்னக் கார் ஒன்று தனியே நிற்கும். அதுதான் அவருடையது. அதை ஒருமுறை சுற்றிப் பார்த்து, சால்வையால் ஒரு கதவைத் துடைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெய்யிலில் நடந்து வருவார். அவருக்குப் பின்னால், பத்தடி பிந்தி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து அவருடைய மனைவி இரஞ்சிதம் வருவார்.

இவ்வளவுக்கும் அந்தக் காரை வாங்கியதே இரஞ்சிதத்தின் முழங்காலுக்காகத்தான். நாற்பது வருடம் வயல் வரம்பில் ஏறி இறங்கிய கால்கள். மோட்டார் சைக்கிளில் இனி ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸின் படியோ இடுப்பளவு உயரம். போன வருடம் சித்திரையில், இரண்டு போகத்து நெல்லை விற்று, கொழும்பில் வேலை செய்யும் மகன் பிரசாந்தனிடமும் கொஞ்சம் வாங்கி, வவுனியாவில் ஒருவர் கவனமாக வைத்திருந்த காரை அப்புத்துரை கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். இரஞ்சிதத்துக்கு அன்று வாயெல்லாம் பல். இந்த மனுசன் எனக்கென்று வாங்கிய முதல் பெரிய சாமான் இது என்று அயலெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை, கார் யாருக்கு என்பதில் சந்தேகம் வந்துவிட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அப்புத்துரைக்குக் கார். அதன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை. உலகத்தில் ஒரு காருக்கு எத்தனை எதிரிகள் என்று கேட்டால் அரை மணித்தியாலம் பேசுவார். சந்தையடியில் நிறுத்தினால் மோட்டார் சைக்கிள்காரன் ஹாண்டிலால் இழுத்துவிட்டுப் போவான். கோயிலடியில் நிறுத்தினால் மாடு வந்து முதுகு சொறியும். தென்னைக்குக் கீழே தேங்காய் விழும், விளாத்திக்குக் கீழே விளாங்காய் விழும். காட்டோரமென்றால் குரங்கு வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு நிற்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் அந்த வழியால் வாகனங்கள் போவதில்லை. அப்புத்துரையும் உடைப்பார். ஆனால் சிரட்டைத் துண்டு பறந்து காரில் படும் என்று பயந்து, பிள்ளையாரின் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வந்து உடைப்பார்.

"மனிசியை வாசலில இறக்கிவிட்டிட்டுப் போய் நிப்பாட்டலாம்தானே?" என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தார்.

"இறக்கிவிடப் போனா உள்ளுக்கை திருப்ப வேணும். திருப்பேக்கைதான் கீறுறது."

இதைக் கஞ்சத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. விசர் என்று சொன்னவர்கள் அதிகம். இரண்டும் இல்லை. அப்புத்துரையின் கைக்கு வந்த எதுவும் முழுசாக மிஞ்சியதில்லை. அவருடைய முதல் உழவு இயந்திரம் இடம்பெயர்ந்த பாதையில் எங்கேயோ நின்றுபோனது. கல்வீட்டின் கூரை போனது. திரும்பி வந்தபோது கிணற்றுக்குக் கட்டுக்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்ததெல்லாம் யாரோ பாவித்துக் கழித்த சாமான்கள். அறுபத்து மூன்று வயதில், ஓட்டை ஒடிவு இல்லாத ஒரு பொருள் முதல்முறையாக அவர் பெயரில் நின்றது. அதைத் தொட்டுப் பார்க்கும்போது அவருக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவில், பின்னால் வருகிறவர் எப்படி வருகிறார் என்று பார்க்க மறந்துபோனார். அவர் விட்ட பிழை அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பிழை இல்லை.

ஆடி மாதம் ஒருநாள் முறிகண்டியில் அந்தக் கால் மைலையும் நடந்து முடித்த இரஞ்சிதம், கச்சான் கடலை விற்கும் பெண்ணின் வாங்கில் இருந்தவர் இருந்தவர்தான். எழும்ப அரை மணித்தியாலம் பிடித்தது. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுறன். உங்கடை காருக்கு நோகாமல் இருக்க என்ரை கால் நோகுது. வாற மாதம் கஜனியின்ரை சாமத்திய வீட்டுக்குப் பளைக்குப் போறம். அங்கையும் பெருந்தெருவில விட்டிட்டு என்னை நடத்தினியளெண்டா, நான் இனி இந்தக் காரில ஏறமாட்டன்."

கத்தவில்லை. அதுதான் அப்புத்துரைக்குப் பயமாக இருந்தது. இரஞ்சிதம் சத்தம் போட்டுச் சொன்னது மறுநாள் மறந்துபோகும். மெல்லச் சொன்னது மாறாது. பிறகு அந்தக் காரைத் தனியே ஓட்டிக்கொண்டு திரிவதா என்று யோசித்து, இரவுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

கஜனி, அப்புத்துரையின் ஒரே தங்கை இராசமலரின் மகள். அவள் பெரியபிள்ளையாகித் தண்ணீர் வார்த்தது எப்போதோ முடிந்துவிட்டது. இது பள்ளி விடுமுறைக்கென்று ஒத்திவைத்த கொண்டாட்டம். சோடித்துக் கொண்டுவரும் பெண்ணை வாசலில் ஆராத்தி எடுத்து, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர் மாமி. கஜனிக்கு மாமி என்றால் இரஞ்சிதம் ஒருவர்தான். அன்றைக்கென்று எடுத்த சேலையை இரண்டு மாதமாக அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றேகால் வரை.

இராசமலரின் வீடு பளையில் பெருந்தெருவை விட்டு உள்ளே, ஒரு கிறவல் ரோட்டிலிருந்து பிரியும் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தகர வேலி. வான் வண்டி போகாது. சின்னக் கார் மட்டுமட்டாகப் போகும். தகரங்களின் நுனி வெளியே வளைந்து கத்தி மாதிரி நிற்கும். அதற்குள் காரை விடுவதை அப்புத்துரை கனவிலும் நினைக்கவில்லை. பெருந்தெருவும் வேண்டாம், வாசலும் வேண்டாம், ஒழுங்கை முகப்பில் நிறுத்துவோம் என்றார். அங்கிருந்து வீட்டுக்கு நூறு யார் தூரம். இரஞ்சிதம் அரைமனதோடு சம்மதித்தார்.

ஆனால் முகப்பென்றால் வருகிற போகிற சனமெல்லாம் உரசிப்போகும் இடம். வயலைக் காக்கத் தெரிந்தவருக்குக் காரைக் காக்கத் தெரியாதா? பூவரசில் நாலு தடி வெட்டிக் கூராக்கினார். மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில் படட்டும் என்று, உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற்றைத் தடிகளின் தலையில் அடித்தார். சுற்றிக் கட்டுவதற்குச் சிவப்பு நைலோன் கயிறும் எடுத்துவைத்தார். முற்றத்தில் காய்ந்த தடிகளை இரஞ்சிதம் கண்டார். வயலுக்காக்கும் என்று ஒன்றும் கேட்கவில்லை.

கொண்டாட்டத்தன்று காலை ஒன்பதரைக்கு முகப்பில் காரை நிறுத்தினார். இரஞ்சிதம் வேலியோரமாக மெல்ல மெல்ல உள்ளே நடந்தார். அப்புத்துரை பின்தங்கி, காரின் நாலு மூலைக்கும் நாலு தடியை அடித்து இறுக்கிக் கயிற்றைக் கட்டினார். தள்ளி நின்று பார்த்தார். மனதுக்கு நல்ல நிம்மதியாக இருந்தது. உள்ளே போய்ப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பந்தலில் இருந்து ஒரு தேத்தண்ணீர் குடித்தார்.

பத்து முப்பத்தைந்துக்கு இராசமலரின் போன் அடித்தது. பெண்ணைச் சோடித்துக் கொண்டுவந்த வான் கிறவல் ரோட்டில் நிற்கிறதாம். ஒழுங்கைக்குள் ஒருவரும் வரமாட்டார்களாம். முகப்பில் மிதிவெடித் தடி நட்டுக் கயிறு கட்டிக் கிடக்கிறதாம்.

பந்தல் அப்படியே அடங்கிப்போனது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்த காலத்தில் காணிக்குக் காணி தலையில் சிவப்பு அடித்த தடிகள் நின்றன. சிவப்புக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதே என்பது அந்த நாளில் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முன்னமே படித்த பாடம். மாடு ஓடிப் போனாலும் ஆள் பின்னால் போகமாட்டார்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கை கிடந்தது?" என்றார் ஒருவர்.

அப்புத்துரை எழும்பியே விட்டார். "என்ரை கார் அங்கைதான் நிக்குது," என்றார்.

கதை அளக்கவில்லை, மனுசன் உண்மையாகவே பயந்துபோனார். காலையில் தன் கையால் நட்ட தடிகளை அவர் நினைக்கவேயில்லை. அவருடைய தடி காருக்குக் காவல். மிதிவெடித் தடி வேறு.

இரஞ்சிதம் மட்டும் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இராசமலரிடம் கேட்டார்.

"எத்தினை தடியாம் மலர்?"

"நாலாம் மச்சாள். சிவப்புக் கயிறாம்."

இரஞ்சிதம் கதிரையின் கையை ஊன்றி எழும்பினார். ஆராத்தித் தட்டை இராசமலரிடம் கொடுத்துவிட்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தார். அன்றைக்கு இரண்டாவது நூறு யார் அது. அப்புத்துரை ஒன்றும் விளங்காமல் பின்னால் போனார்.

ரோட்டின் மற்றக் கரையில் ஐம்பது பேர் பட்டுச் சேலையும் பலகாரத் தட்டுமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தபடி சுதாஜினி நின்றாள். எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த, இராசமலரின் அயல்வீட்டுப் பெண் அவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி அந்தச் சனத்தைக் கேலி செய்ய முடியாது. அரண்டதற்குக் காரணம் இருந்தது. வான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கஜனி அழுகிற நிலையில் இருந்தாள்.

"மாமி, அதிலயே நில்லுங்கோ. வராதேங்கோ," என்றாள் சுதாஜினி.

இரஞ்சிதம் நிற்கவில்லை. நேரே போய் முதல் தடியை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினார். அதன் தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது எங்கடை பெட்டிக்கு அடிச்ச பெயின்ற், பிள்ளை. நட்டவர் பின்னால வாறார், அவரைக் கேளுங்கோ."

ஐம்பது பேரும் அப்புத்துரையைப் பார்த்தார்கள். அவர் தடியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

"காரைச் சுத்தி நட்டிருக்கேக்கை எனக்கும் ஒரு ஐமிச்சம் வந்ததுதான் மாமா," என்றாள் சுதாஜினி. "ஆனா எங்கடை வேலையில ஐமிச்சத்தோட கால் வைக்கிறேல்லை."

சனத்துக்கு மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. காருக்கு மிதிவெடி விதைத்த கமக்காரன் என்று யாரோ சொல்ல, அந்தப் பெயர் அன்றே ஊருக்குள் நடந்து போய்விட்டது. கமக்காரன் தலை நிமிரவில்லை. மற்ற மூன்று தடிகளையும் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டினார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் இரஞ்சிதம் ரோட்டோர மதகுக் கட்டில் குந்தியிருப்பதைக் கண்டார்கள். ஒரு முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். உதட்டைக் கடித்தபடி இருந்தார். இராசமலர் தட்டோடு ஓடிவந்தார்.

"மச்சாள், நேரம் போகுது. இன்னும் பதினைஞ்சு நிமிசம்தான் கிடக்கு."

இரஞ்சிதம் ஒருதரம் எழும்பப் பார்த்தார். கால் எழும்பவில்லை.

"என்னால ஏலாது மலர்," என்றார். "வேறை ஆரையும் கொண்டு செய்விக்கச் சொல்லு. பிள்ளையைக் காக்க வைக்காதேங்கோ."

அதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு காலத்தில் எத்தனையோ இழப்புக்கு இரஞ்சிதம் பலர் முன்னால் அழுததில்லை. அது அப்புத்துரைக்குத் தெரியும்.

அவர் போய்க் காரின் பின்கதவைத் திறந்தார்.

"ஏறு."

"எங்கை?"

"வாசலுக்கு."

இரஞ்சிதம் ஒழுங்கையைப் பார்த்தார். தகரங்களைப் பார்த்தார். "உள்ளுக்கை திருப்ப இடமில்லை. போனமாதிரியே பின்னுக்கு எடுக்க வேணும்," என்றார்.

"எடுப்பம். நீ ஏறு."

சுதாஜினி ஒரு பக்கம் தாங்க, இரஞ்சிதம் ஏறினார். வானிலிருந்து கஜனியை இறக்கி அவருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். தட்டோடு இராசமலர் முன்னால் ஏறினார். அப்புத்துரை சாவியைத் திருப்பினார்.

பத்து யார் போகவில்லை, இடது பக்கம் தகரம் பட்டது. பல்லைக் கூசவைக்கும் நீளமான சத்தம். கால் தன்பாட்டில் பிறேக்கில் போய் நின்றது. நெஞ்சில் கீறினது போலத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புத்துரை பிறேக்கிலிருந்து காலை எடுத்தார். பிறகு வலது பக்கம் பட்டது. பக்கக் கண்ணாடி ஒன்று படாரென்று மடங்கியது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவேயில்லை.

பதினொன்று பத்துக்குக் கார் பந்தல் வாசலில் போய் நின்றது. இரஞ்சிதம் இறங்கி, கதவைப் பிடித்து ஒரு நிமிடம் நின்று, தட்டை வாங்கி ஆராத்தி எடுத்தார். கஜனியின் கையைப் பிடித்தார். அப்புத்துரை காருக்குப் பக்கத்திலேயே நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதைச் சுற்றிப் பார்ப்பது. அதைச் செய்யவும் மனம் துணியவில்லை.

இரஞ்சிதம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன நிக்கிறியள்? மாமன் வராமல் நான் தனியவோ கூட்டிக்கொண்டு போறது?"

அவர் போனார். நாலு கதவும் திறந்தபடி, சாவியும் அதிலேயே இருக்க, கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த ஐம்பது பேரும் அதில் உரசி உரசித்தான் உள்ளே வந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காரை வாங்கி ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. இரண்டு பேரும் போன இடத்து வாசலில் ஒன்றாக வந்து இறங்கியது அன்றுதான் முதல்தரம்.