ஆட்டிப் பார்க்காத சக்கரம்

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பல வருடங்களாக எனக்கு ஒரே வேலை. புத்தம்புது வண்டி லைனில் வந்து நிற்கும். அதன் முன்சக்கரங்கள் இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று திரையில் பார்க்க வேண்டும். கோணல் தெரிந்தால் கீழே பள்ளத்தில் நின்றபடி ஸ்டீயரிங் கம்பியைக் கொஞ்சம் திருக வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த வண்டி. எங்கள் தெருவில் யார் வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அப்போது எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. என் மனைவி அதில்தான் மகளை ஏற்றிக்கொண்டு, தான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் போய் வருவாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வாங்கித் தின்ற கடலையின் தோல் பின்சீட்டில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டாப்பில் காரோடு காத்திருப்பாள். வீடு வந்து சேரும்வரை வண்டியைப் பற்றிய புகார்தான். ஏ.சி. வரவில்லை, வைப்பர் கத்துகிறது, கதவு சாத்த வரவில்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதே இல்லை.

ஒருநாள், "வண்டி லெஃப்டுலயே இழுத்துகினு போவுதுங்க. மேடு ஏறி எறங்குனா டொக்குனு ஒரு சத்தம் வேற," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் கடையில் சக்கரத்தை நேராக்கும் அலைன்மென்ட் மிஷினில் நானே ஏற்றி, நானே திருகினேன். பச்சை எரிந்தது. பத்தே நாளில் மறுபடி அதே புகார். மறுபடி திருகினேன், மறுபடி பச்சை. மூன்றாவது தடவை சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு ஷிஃப்டுல எத்தினி வண்டிய நேராக்கி அனுப்புறேன், எனக்கே சொல்றியா? வண்டி சரியாதான் கீது. உன் கைதான் கோணல்."

அன்றோடு அவள் புகார் நின்றது. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

அடுத்த மாதம் பென்னலூர் பக்கம் ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரம் கழன்று சாய்ந்து, வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே அவளும் மகளும். எங்கள் லைனில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் ஒன்பது மிஸ்டு கால். அவளைக் கூப்பிட்டு விஷயம் தெரிந்ததும் ஓடினேன். நல்லவேளை, இருவருக்கும் கீறல்கூட இல்லை.

வண்டியை இழுத்து வந்திருந்த மெக்கானிக் கடையில் அவளும் என் பக்கத்திலேயே நின்றாள்.

"சக்கரத்தப் பிடிச்சிகினு இருக்கிற பால் ஜாயின்ட் எப்பவோ தேஞ்சிபோச்சு சார்," என்றார் மெக்கானிக். "இத்த வெச்சிகினு எத்தினி தபா அலைன்மென்ட் பண்ணாலும், வண்டி நிக்கிற வரைக்கும்தான் நேரா இருக்கும். பண்ணவன் எவனோ, தூக்கி நிறுத்தி ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

அந்த எவனோ அவர் எதிரில்தான் நின்றான். லைனில் வருவதெல்லாம் அன்றைக்குப் பூட்டிய சாமான், அங்கே தேய்மானம் ஏது? ஆட்டிப் பார்க்கும் பழக்கமே எனக்கு இல்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகு வண்டியில் எது கெட்டாலும் நேராக அந்தக் கடைக்கே போனாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வெள்ளைக் காரை விற்றோம், வேறு கார் வந்தது. ஸ்டாப்பிலிருந்து வீடு வரை பள்ளிக்கதை பேசினாள். நான் அந்தப் பழைய புகார்களுக்கு ஏங்கிப்போனேன்.

போன மாதம், நான் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "முன்னாடி வீல்ல டிக்கு டிக்குனு சத்தம் வருதுங்க. இன்னான்னு பாருங்களேன்."

வாசலில் குனிந்ததுமே தெரிந்துவிட்டது. டயர் இடுக்கில் ஒரு ஜல்லிக்கல். பிடுங்கிப் போட்டேன். ஆனாலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு முன்சக்கரங்களையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லுதான். இருந்தாலும் ஆட்டிப் பாத்துட்டேன்."

"அன்னிக்கே ஆட்டியிருந்தா எனக்குக் கை கோணல்னு பேரு வந்திருக்காது," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சக்கரத்தை விட்டு நிமிர முடியவில்லை.